திரையில் பறந்தது, நூலில் கவிழ்ந்தது!

நண்பர்களே, ‘ஓப்பன்ராக்கெட்’ பாத்திருக்கீங்களா? 2009-ல் பின்லாந்து மாணவர் ஒருவர் முதுகலை ஆய்வுக்காக எழுதிய மென்பொருள். இலவசம். மாதிரி ராக்கெட்டின் நீளம், எடை, இறக்கை, மோட்டார் விவரம் கொடுத்தால் எவ்வளவு உயரம் போகும், எவ்வளவு தள்ளி விழும் என்று கோடு போட்டுக் காட்டிவிடும். 24.12 பதிப்பில் உயரத்துக்கு உயரம் வேறு வேறு காற்றையும் கொடுக்கலாம். நிஜமாவே நல்ல வசதி. பட்டம் விட்டவங்களுக்குத் தெரியும், கீழே இலை அசையாது, மேலே பிய்த்துக்கொண்டு போகும்!

ஆனால், ‘இனி கம்ப்யூட்டரிலேயே பறக்கவிட்டால் போதும், அட்டை வெட்ட வேண்டாம்’ என்று நம் அறிவியல் மன்றத்தில் சிலர் சொல்வதை நான் ஒத்துக்க மாட்டேன். என் ராக்கெட் திரையில் நேராகத்தான் போனது. அதையே அட்டையில் செய்து, மோட்டார் எடைக்கு மணல் அடைத்து, சமமாக நிற்கும் இடத்தில் நூல் கட்டித் தலைக்கு மேல் சுற்றினேன். வால் முன்னால வந்துடுச்சு! இறக்கைக்குத் தடவிய பசையின் எடையை நான் கம்ப்யூட்டருக்குச் சொல்லவே இல்லை. வால் கனத்து, எடை மையம் பின்னால் போய்விட்டது. அது காற்று அழுத்தும் மையத்துக்கு முன்னால், குழாயின் விட்டம் அளவாவது தள்ளி இருக்கணும். மூக்கில் களிமண் வைத்த பிறகுதான் சரியானது.

எல்லாவற்றையும் மளிகைக் கடை அண்ணாச்சி தராசில்தான் நிறுத்தேன். அது 5 கிராமுக்குக் கீழே காட்டாது. ஸார், மன்றத்துக்கு ஒரு சின்னத் தராசு வாங்கித் தாங்க.