கணக்கு வாத்தியாரே, பி.டி. பீரியடைத் திருப்பிக் குடுங்க!

உங்க எல்லாருக்கும் தெரிஞ்ச மேட்டர்தான் மக்களே. டைம்டேபிளில் "பி.டி."ன்னு போட்டிருக்கும். பசங்க கிளம்பறதுக்குள்ள கணக்கு வாத்தியார் உள்ளே வந்து சாக்பீஸை எடுத்துடுவார். "போர்ஷன் முடியலை, உக்காருங்கடா!" எங்க பாலக்கோட்டுப் பக்கம் மட்டுமில்லை, எந்த ஊர்க்காரரைக் கேட்டாலும் இதே கதைதான்.

இதில் செம காமெடி, அறிவியல் டீச்சர் அந்த பீரியடைக் கடன் வாங்கறதுதான். எதுக்கு? இதயம், நுரையீரல் பாடம் நடத்த! இதயம் நல்லா வேலை செய்யற ஒரே பீரியடைப் பிடுங்கி, இதயம் எப்படி வேலை செய்யுதுன்னு போர்டுல படம் போடறாங்க. என்னங்க நியாயம் இது?

அதே பாடத்தை கிரவுண்டில் நடத்திப் பாருங்க. விசில் ஊதறதுக்கு முன்னாடியே பையனோட நாடி எகிறும். மூளை முன்கூட்டியே தயாராகுது. இதயத்தை அடக்கி வெச்சிருக்கிற வேகஸ் நரம்பு பிடியைத் தளர்த்த, பரிவு நரம்புகள் முடுக்கி விடும். ஓய்வில் நிமிஷத்துக்கு 5 லிட்டர் ரத்தம் தள்ளற இதயம், மூச்சுமுட்ட ஓடறப்ப 20 லிட்டர் வரை தள்ளும். ஓய்வில் அதில் ஐந்தில் ஒரு பங்குதான் தசைக்கு. ஓட்டத்தில் நாலு பங்கு தசைக்கே. வயித்துக்கும் சிறுநீரகத்துக்கும் சப்ளை கட்!

மூச்சு வாங்கறது ரத்தத்தில் ஆக்சிஜன் தீர்ந்ததாலன்னு பலர் நினைக்கறாங்க. இல்லை. ஆரோக்கியமான உடம்பில் அது பெருசா குறையறதில்லை. தசையிலிருந்து வந்து குவியற கரியமில வாயுவை வெளியே தள்ளத்தான் நுரையீரல் அந்தப் பாடு படுது. மறுநாள் கால்வலிக்கு லாக்டிக் ஆசிட் காரணம்னு சொல்றதும் தப்பு. ஓடி முடிச்ச ஒண்ணு ரெண்டு மணி நேரத்தில் அது போயிடும். இதயமே அதை எரிபொருளா எடுத்துக்கும்.

"எங்க பசங்க தோட்டத்தில் தக்காளிக் கூடை தூக்கறாங்க, அவங்களுக்கு எதுக்கு எக்சர்சைஸ்?"ம்பாங்க சிலர். கூடை தூக்கினா தோள் உரமேறும், ஒத்துக்கறேன். ஆனா இதயத்துக்குத் தம் வரணும்னா, நாடித்துடிப்பு ஏறி, கொஞ்ச நேரம் ஏறினபடியே நிக்கணும். அது வேற பயிற்சி.

"மார்க்தான் சோறு போடும்"னு இன்னொரு கோஷ்டி. சரி, சோத்துக்கே வருவோம். நம்ம மாவட்டத்துப் பசங்களில் எத்தனை பேருக்கு போலீஸ் வேலை கனவு! இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிஷத்தில் ஓடணும். எழுத்துத் தேர்வில் பாஸ் பண்ணிட்டு, கடைசி மூணு வாரம் விழுந்து விழுந்து ஓடறாங்க. முதல் சில வாரத்தில் பலம் கூடறது பெரும்பாலும் நரம்பு பழகறதால. தசைக்குள்ள புது ரத்தக்குழாய் முளைக்கவும், இதயம் ஒரு துடிப்புக்குத் தள்ளற ரத்தம் கூடவும் மாசக்கணக்கா ஆகும். பள்ளிக்கூடத்தில் வருஷக்கணக்கா நடந்திருக்க வேண்டியதை மூணு வாரத்தில் எப்படிங்க ஈடுகட்டறது?

5 முதல் 17 வயசு வரைக்கும் தினம் சராசரியா 60 நிமிஷம் உடலுழைப்பு வேணும்னு உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொல்லியிருக்கு. வாரத்துக்கு ரெண்டு பீரியடுங்கறதே பிச்சைக்காசு. அதையும் தட்டிப் பறிச்சா?

பக்கத்து சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். அவர் திறமையைக் கண்டுபிடிச்சு உயரம் தாண்ட வெச்சது பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். அந்த பீரியடில் அல்ஜீப்ரா நடந்திருந்தா?

நம்ம பதிவர்களில் வாத்தியார்கள் நிறைய பேர் உண்டு. கோபம் வந்தா பின்னூட்டத்தில் கும்முங்க, வாங்கிக்கறேன். போர்ஷன் முடியலைன்னா ஸ்பெஷல் கிளாஸ் வைங்க, லீவில் நடத்துங்க. பெத்தவங்களே, அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் மார்க்கைக் கேட்கறதோட நிறுத்தாதீங்க. "இந்த மாசம் எத்தனை பி.டி. பீரியட் நிஜமாவே நடந்தது?"ன்னும் கேளுங்க. பதில் வர்ற வரைக்கும் எழுந்திரிக்காதீங்க.