ஆலகாலம் யார் தொண்டையில்?

இருண்ட மாற்று உலகம் என்கிறார்கள். இங்கிலீஷில் படக்கதை வாசிக்கிற அடையாறு, மயிலாப்பூர் பிள்ளைகளுக்கு இந்தச் சொல் ரொம்பவே பிடித்துப்போயிருக்கிறது. வெளிச்சம் செத்த நகரம், மேலே கோபுரத்தில் கொஞ்சப் பேர், கீழே பேரில்லாத கூட்டம். படித்துவிட்டு, என்ன கற்பனை என்று வாய்பிளக்கிறார்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது.

2009-ல் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் 'மூன்வர்ட்' என்ற படக்கதைப் புத்தகத்தை வெளியிட்டது. வரைந்தவர் அப்புப்பென் என்ற பேரில் இயங்கும் ஜார்ஜ் மாத்தன். வசனம் குறைவு, கறுப்பு வெள்ளையில் ஒரு முழு உலகத்தையே கட்டியிருக்கிறார். அந்த உலகத்துக்கு அவர் வைத்த பேர் ஹாலாஹலா. 2018-ல் வந்த 'தி ஸ்னேக் அண்ட் தி லோட்டஸ்' வரை அதே உலகம் தொடர்கிறது. அதில் வெள்ளை நகரத்துக் கோபுரங்களில் தாமரைப் பால் மயக்கத்தில் கிடக்கிறார்கள் குட்டித் தெய்வங்கள். அவர்களை ஆட்டிவைப்பவை இயந்திரங்கள். சாதாரண ஆள் இல்லை இவர். 'ராஷ்ட்ரமேன்' வரைந்து அதிகாரத்தை நக்கலடித்தவர். அவரோடு எனக்குச் சண்டை கிடையாது. அந்தப் பேரைப் படித்தும் ஒன்றும் உறைக்காமல் பக்கத்தைப் புரட்டுகிறார்களே, அவர்களிடம்தான் என் கேள்வி.

ஹாலாஹலம் என்றால் ஆலகாலம். கபாலி கோயில் மாடவீதிகளில் வாழ்கிற எவருக்கும் தெரிந்த கதை. பாற்கடலைத் தேவரும் அசுரரும் சேர்ந்து கடைந்தார்கள், விஷம் வந்தது, சிவன் குடித்தார், பார்வதி கழுத்தைப் பிடித்தாள், விஷம் தொண்டையோடு நின்றது. (கடைந்ததில் பாதி உழைப்பு அசுரனுடையது, அமுதம் மட்டும் தேவனுக்குப் போனது. அதை யாரும் பிரசங்கத்தில் அழுத்திச் சொல்வதில்லை.) சரி, அந்த மாடவீதிக்கு அடியில் ஓடுகிற குழாயில் தினமும் பொங்குகிற விஷத்தை யார் குடிக்கிறார்? அவன் கழுத்தைப் பிடிக்க யார் இருந்தார்?

என் சித்தப்பா குழியில் இறங்கினவர். மூடியைக் கடப்பாரையால் நெம்பித் திறந்து போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் தள்ளி நிற்பார்கள். பிறகு குனிந்து பார்ப்பது கரப்பான்பூச்சியைத்தான். "பூச்சி ஓடுதுன்னா காத்து இருக்குடா. பூச்சி இல்லேன்னா எறங்காத" என்பார். எங்க சனத்துக்கு வாய்த்த விஞ்ஞானக் கருவி அதுதான். உள்ளே இருப்பது ஹைட்ரஜன் சல்பைடு. முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போகும், நாற்றமே தெரியாது. நாற்றம் நின்றுவிட்டதே என்று நினைக்கிறபோதே ஆள் விழுந்துவிடுவான். காப்பாற்றக் குதிக்கிறவனும் அவன் மேலேயே விழுவான். எந்த அறிவியல் புனைகதைக்காரர் இதைவிடக் கொடூரமான காற்றைக் கற்பனை செய்துவிட்டார்?

படக்கதையில் ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவே விடுகிற வெற்றிடத்துக்கு இங்கிலீஷ்காரன் வைத்த பேர் 'கட்டர்', அதாவது சாக்கடை. வாசகர் கண் அதைத் தாண்டித்தான் கதையைக் கோக்கும், ஆனால் அதைப் பார்க்காது. தி.நகர் ரங்கநாதன் தெருவில் நகைக்கும் துணிக்கும் அலைகிற கூட்டமும் அப்படியேதான் மூடிகளைத் தாண்டிப் போகிறது.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1993-ல் ஒன்று, 2013-ல் இன்னொன்று. 2014-ல் உச்ச நீதிமன்றம், 1993-லிருந்து சாக்கடையில் செத்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் கொடு என்றது. ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் வைத்த கணக்குகளில் இந்தச் சாவுகளுக்கு முதலிடம் வாங்கிய மாநிலம் எது? சமூகநீதி பேசும் நம் தமிழ்நாடுதான். மூன்வர்ட் என்றால் நிலாப் பக்கமாக என்று அர்த்தம். 2023 ஆகஸ்டில் இந்தியா நிலாவில் இறங்கியது. அதே ஆண்டு அக்டோபரில், குழியில் இறங்கிச் சாகிறவனின் விலையை உச்ச நீதிமன்றம் 30 லட்சமாக உயர்த்தியது. ஒரே நாடு, ஒரே வருஷம், இரண்டு இறக்கம். மாற்று உலகத்தைத் தேடி எங்கே போகணும்?

இயந்திரமும் இருக்கிறது. கேரளத்தில் 2018-லேயே குழி சுத்தம் செய்யும் 'பாண்டிகூட்' ரோபோ வந்துவிட்டது. அடையாற்றுக்குப் பக்கத்திலேயே, அய்.அய்.டி.யில், மலத்தொட்டிக்கென்று 'ஹோமோசெப்' செய்தார்கள், 2022-ல் அது செய்தியானது. ஆக, அறிவுக்குப் பஞ்சமில்லை. சக்கிலியனும் பறையனும் ரோபோவைவிட மலிவாகக் கிடைக்கிறான், அதுதான் விஷயம். சாதி இருக்கிறவரை இயந்திரம் கண்காட்சியில்தான் நிற்கும்.

நம் பிள்ளைகளும் விஞ்ஞானப் படக்கதை படித்தவர்கள்தான். 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் கொண்டுவந்த 'இரும்புக்கை மாயாவி'யை லஸ் முனைப் பழைய புத்தகக் கடைகளில் கிழிந்த அட்டையோடு வாங்கிக் கைமாற்றிப் படித்த தலைமுறை இருக்கிறது. மின்சாரம் பாய்ந்தால் மாயாவியின் உடம்பு மறைந்துவிடும். இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். அவனுக்கு அது வல்லமை. நமக்கோ ஆளைப் பார்க்கமாட்டேன், வேலை செய்கிற கை மட்டும் வேண்டும் என்கிற ஊர்க்கட்டுப்பாடு. திருநெல்வேலிச் சீமையில் புரத வண்ணார் பகலில் வெளியே வரக்கூடாது, பார்த்தாலே தீட்டு என்று 1932-ல் வந்த பத்திரிகைச் செய்தியை அம்பேத்கர் எடுத்துக்காட்டியிருக்கிறார். அவர்கள் இரவில் வெளுத்தது சேரித் துணியை. இது நமக்கும் உறைக்கணும் தோழர்களே.

2011-ல் நவயானா வெளியிட்ட 'பீமாயணா'வைப் பாருங்கள். அம்பேத்கர் வாழ்க்கையை வரைந்த கோண்டு ஓவியர்கள் துர்காபாய் வ்யாமும் சுபாஷ் வ்யாமும் ஆட்களைக் கட்டத்துக்குள் அடைக்க மறுத்துவிட்டார்கள். சேரி, காலனி, குப்பம், இப்போது கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று கட்டம் கட்டமாக ஒதுக்கப்பட்டவர்களின் கதைக்கு அந்த மறுப்பு எவ்வளவு பொருத்தம்! ஆனால் அது நடந்து முடிந்த காலத்தின் கதை. வருங்காலத்தை வரையும் உரிமை மட்டும் இன்னும் கோபுரத்திலேயே இருக்கிறது. அங்கிருந்து வருகிற இருட்டில் கம்பெனி இருக்கிறது, இயந்திரம் இருக்கிறது, சர்வாதிகாரி இருக்கிறான். சாதி மட்டும் எப்படியோ காணாமல் போய்விடுகிறது. ஆயிரம் வருஷம் கழித்து நடக்கிற கதையிலும் மலம் இருக்கும்தானே, அதை அள்ளுகிறவன் யார் என்று ஒரு கட்டத்திலாவது காட்டணும் இல்லையா?

ஓவியம் தெரிந்த நம் பிள்ளைகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். விளம்பரச் சுவரிலும் கட்அவுட்டிலும் அவர்கள் கை தெரிகிறது. நமது பத்திரிகைகள் அவர்களுக்குப் பக்கம் ஒதுக்கட்டும், இங்கிலீஷ் வேண்டாம், வழவழத் தாளும் வேண்டாம். முதல் பக்கத்தில் கோபுரத்தை வரையவேண்டியதில்லை. திறந்த மூடி, குனிந்த தலை, கீழே பூச்சி ஓடுகிறதா என்று பார்க்கிற கண். அங்கிருந்து கதை தொடங்கட்டும்.