லாரியில் வந்த போன்

வீடு கட்ட ஒரு மேஸ்திரியைப் பிடிக்கிறீர்கள். வேலை பாதி நடக்கும்போது அவர் வந்து, "இனிமே ஓனர், மேஸ்திரிங்கிற பேச்செல்லாம் எதுக்கு ஸார்? ரெண்டு பேரும் பார்ட்னராயிடுவோம். வாசல்ல என் பேரையே போட்டுடலாம்" என்கிறார். என்ன செய்வீர்கள்?

ஆம்னிநெட் என்ற அமெரிக்கக் கம்பெனி 1988-ல் கிட்டத்தட்ட இதற்குத்தான் சம்மதித்தது.

மேஸ்திரியின் பெயர் குவால்காம். வயசு மூன்று. முன்னாள் புரொபசர் இர்வின் ஜேக்கப்ஸ் உள்பட ஏழு பேர் 1985-ல் ஸான் டியாகோவில் தொடங்கியது. மூளை நிறைய, கடையில் வைத்து விற்க சாமான் கிடையாது. பிறத்தியாருக்கு கான்ட்ராக்டில் ஆராய்ச்சி செய்து காலட்சேபம். ஆம்னிநெட்டும் அப்படி வந்த கிராக்கிதான். ஓடுகிற லாரி எங்கே இருக்கிறது என்று சாட்டிலைட் வழியாகக் கண்டுபிடிக்க வேண்டும், டிரைவருக்கு சேதியும் அனுப்ப வேண்டும்.

அப்போதெல்லாம் லாரி டிரைவர் வழியில் இறங்கி, பொது டெலிபோனில் கூப்பிட்டால்தான் ஆபீசுக்கு உயிர் வரும். "எங்கப்பா இருக்கே?" "வந்துட்டே இருக்கேன் ஸார்!" எந்த ஊர் டிரைவர் சொன்னாலும் இதற்கு அர்த்தம் ஒன்றுதான்.

குவால்காம் லாரி முதுகில் குண்டான் கவிழ்த்த மாதிரி ஒரு ஆன்டெனாவை வைத்தது. அவ்வளவு சின்ன ஆன்டெனாவுக்குக் குறி தப்பும். அலை பக்கத்து சாட்டிலைட் மேலும் சிந்தும். அதனால் அலையை அகலமாகப் பரப்பி, கிசுகிசு மாதிரி மெலிதாக அனுப்பினார்கள். இரைச்சலோடு கரைந்துவிடும். அதற்கான கோடு தெரிந்த ரிசீவர் மட்டும் பொறுக்கி எடுத்துக்கொள்ளும்.

இணைப்போடு 35 லட்சம் டாலர் திரட்டி, 'ஆம்னிட்ராக்ஸ்' என்று சந்தைக்கு விட்டார்கள். அதே வருஷம் ஷ்னைடர் நேஷனல் என்ற பெரிய லாரி கம்பெனி வாங்கியது. பெயர்ப்பலகையில் குவால்காம் மட்டும் மிஞ்சியது. நம்மூரில் இந்த இடத்தில்தான் பங்காளிச் சண்டை வந்து கேஸ் கோர்ட்டுக்குப் போகும்!

லாரிக் காசு வந்ததும் அதே கிசுகிசு வித்தையை டெலிபோனில் காட்டினார் ஜேக்கப்ஸ். ஒரே அலைவரிசையில் எல்லோரும் பேசலாம், ஆளுக்கொரு கோடு. அதுதான் சி.டி.எம்.ஏ. அமெரிக்க செல்போன் கம்பெனிகள் அதற்குள் வேறொரு முறைக்குக் கைதூக்கியாகிவிட்டது. விடவில்லை மனுஷர். 1989 நவம்பரில் ஊரைக் கூட்டி டெமான்ஸ்ட்ரேஷன் வைத்தார். பேசி முடிக்கப்போகிற நேரத்தில் கருவியில் கோளாறு. "நிறுத்தாதீங்க, பேசிட்டே இருங்க" என்று எஞ்சினியரிடமிருந்து ஜாடை. புரொபசருக்கா சொல்லித்தர வேண்டும்? சரியாகும்வரை பேசித் தீர்த்தார். அப்புறம் போனும் பேசியது.

2003-ல் ரிலையன்ஸ் 501 ரூபாய் முன்பணத்தில் கொடுத்ததே, அது இந்த சி.டி.எம்.ஏ. போன்தான். வாங்கின கையோடு உங்கள் சித்தப்பா சோபாவில் சாய்ந்தபடியே மானேஜரிடம் சொல்லியிருப்பார்:

"வந்துட்டே இருக்கேன் ஸார்!"