மூச்சுக்கும் தனிப்பந்தியா?

பாளையங்கோட்டையில் எனக்கு ஒரு நண்பர் உண்டு. புதிய மோட்டார் எது வந்தாலும் அதைப் பற்றி என்னிடம் சொல்லாவிட்டால் அவருக்கு இராச் சோறு இறங்காது. போன வாரம் கைபேசியும் கையுமாக வந்து சேர்ந்தார்.

"பாத்தீரா வே! இது காரு இல்ல, வீடுல்லா!" என்றார்.

பார்த்தேன். ஹூண்டாய்க் கம்பெனியார் 2021 நவம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸ் கண்காட்சியில் வைத்த 'செவன்' என்ற மின்சாரக் கார் அது. விற்பதற்காகச் செய்ததல்ல; நாளைய வாழ்வு இப்படி இருக்கும் என்று காட்டுவதற்காகச் செய்த மாதிரி. உள்ளே நாற்காலிகள் வேண்டிய பக்கம் சுழலுகின்றன. சாய்ந்து கிடக்க நீண்ட ஆசனம் இருக்கிறது. சின்னக் குளிர்பெட்டி, செருப்பைப் பேணுவதற்கு ஒரு பேழை, கூரையிலே படம் காட்டும் திரை என்று சகல சௌகரியங்களும் உண்டு. ஓட்டும் சக்கரத்தைக் காணோம். வேண்டும்போது ஒரு பிடி எழும்பும், வேண்டாதபோது மறைந்துகொள்ளும். அவரவர் மனம் போல உள்ளறையை அமைத்துக்கொள்ளலாமாம்.

இது எங்கோ அமெரிக்காவில் நடக்கிற கதை என்று நாம் இருந்துவிட முடியாது. அதே கம்பெனி 1998 முதல் ஸ்ரீபெரும்புதூரில் கார் செய்கிறது. நம் தாமிரபரணி கடலில் கலக்கிற சீமையிலே, தூத்துக்குடியில், வியட்நாம் தேசத்து வின்ஃபாஸ்ட் கம்பெனியின் மின்சாரக் கார்த் தொழிற்சாலை 2025 ஆகஸ்டில் திறந்தாகிவிட்டது. கண்காட்சிச் சரக்கு கடைச் சரக்காவதற்கு அதிக காலம் பிடிப்பதில்லை.

நண்பர் பரவசப்பட்டது போல நானும் பரவசப்பட்டிருப்பேன். ஆனால் அந்த வண்டியில் இன்னொரு விசேஷம் இருந்தது. ஆகாய விமானத்தைப் பார்த்துச் செய்த காற்றோட்ட ஏற்பாடாம். உள்ளே இருப்பவர்களுக்குள்ளேயே ஒருவர் மூச்சு இன்னொருவரை அதிகம் அண்டாதபடி அது பார்த்துக்கொள்ளுமாம். இறங்கிய பிறகு விசேஷ ஒளியைப் பாய்ச்சி, உட்கார்ந்திருந்த இடத்தையும் சுத்தி செய்துவிடுமாம். கொரோனாக் காலத்தில் பிறந்த யோசனை. நோய்க்கு அஞ்சியதில் தப்பில்லை. ஆனால் நோய் போன பிறகும் இந்தப் பழக்கம் சௌகரியம் என்ற பெயரில் தங்கிவிட்டால் என்ன ஆகும்? அதைத்தான் கேட்கிறேன்.

நகரும் வீடு நமக்குப் புதிதல்ல. வில்வண்டியில் வைக்கோலைப் பரப்பி, ஜமுக்காளத்தை விரித்து, மேலே பத்தமடைப் பாயைப் போட்டு, இரு பக்கமும் திரையைத் தொங்கவிட்டால் அது பள்ளியறை. கட்டுச்சோற்றை அவிழ்த்தால் சாப்பாட்டு அறை. அவரவர் மனம் போல அமைத்துக்கொண்டதுதான். ஆனால் வண்டிக்குள் இருந்தவரைப் பற்றி மட்டும் பேசுகிறோமே, அரிக்கன் விளக்கைப் பிடித்துக்கொண்டு வண்டிக்குப் பின்னால் ஓடி வந்தவனைப் பற்றி யார் பேசுகிறார்கள்? வண்டியில் இடம் இருந்தது. அவனுக்குத்தான் இடம் இல்லை.

அவனுக்கு இடம் கொடுத்தது பஸ். திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து பாபநாசம் போகும் பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். பீடிக் கட்டோடு ஒரு அம்மாள், புத்தகப் பையோடு ஒரு பிள்ளை, வேட்டி கசங்காமல் உட்கார முயலும் ஒரு குமாஸ்தா. யார் பக்கத்தில் யார் என்று தீர்மானிப்பது சாதியல்ல. காலியாக இருக்கும் இடம். அந்த பஸ் சேரன்மாதேவி வழியாகப் போகிறது. அங்கேதான் வ.வே.சு. ஐயர் 1922-இல் குருகுலம் தொடங்கினார். தேச சேவைக்கென்று தொடங்கிய அந்த இடம், சில பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்டதாலே நாடெங்கும் சண்டைக்கு உள்ளாயிற்று. தனிப்பந்தி சின்ன விஷயம் என்றுதான் அன்றும் பலர் சொன்னார்கள்.

பஸ் மட்டும் சமத்துவபுரியா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. 1997-இல் வீரன் சுந்தரலிங்கம் பெயரில் ஒரு போக்குவரத்துக் கழகம் அமைந்தபோது, அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று சொன்னவர்கள் உண்டு. தென் மாவட்டங்களில் கலவரம் மூண்டது. கடைசியில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களுக்கும் இருந்த தலைவர்களின் பெயர்களை அரசாங்கம் நீக்கிவிட்டது. நம் ஊர்க் கட்டபொம்மன் பெயரும் போயிற்று. பெயர்தான் போயிற்று, பஸ் நிற்கவில்லை. ஏறமாட்டேன் என்றவரும் வேறு வழியின்றி ஏறினார். பக்கத்தில் இருந்தவரின் தோளில் தூங்கியும் வழிந்தார். அந்த 'வேறு வழியின்றி' என்பதிலேதான் இந்த ஜில்லாவின் நாகரிகம் கொஞ்சம் வளர்ந்திருக்கிறது. வசதி படைத்தவருக்கெல்லாம் வேறு வழி ஒன்றைச் செய்து கொடுப்பதுதான் புதிய வண்டியின் சாமர்த்தியம்.

"அப்ப கூட்டத்துல நசுங்கிச் சாவச் சொல்லுதீரா?" என்றார் நண்பர்.

நியாயமான கேள்வி. முழங்கால் போன பாட்டியும் வயிற்றுப் பிள்ளைக்காரியும் நசுங்க வேண்டாம். சுழலும் நாற்காலி அவர்களுக்குத்தான் வேண்டும். அதை முதலில் பஸ்ஸில் வையுங்கள் என்கிறேன். சென்னையில் ஓடுகிற தாழ்தள பஸ்ஸை அம்பாசமுத்திரத்துக்கும் அனுப்புங்கள். 2021 மே மாதம் முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்த ஒரு உத்தரவால் எத்தனை பெண்கள் தனியாக வீட்டு வாசலைத் தாண்டினார்கள்! அவர்களுக்கு நகரும் வீடு வேண்டியிருக்கவில்லை. வீட்டை விட்டு நகர்வதுதான் வேண்டியிருந்தது.

வீட்டையும் கூடவே இழுத்துக்கொண்டு போகிறவன் எந்த ஊருக்குப் போனாலும் தன் திண்ணையைத் தாண்டுவதில்லை. நண்பரிடம் இதைச் சொன்னேன். அவர் பதில் சொல்லாமல் எழுந்தார். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதாம்.