காசையும் கொட்டி காதையும் கெடுப்பதா?

சைதாப்பேட்டை, மாலை மின்சார ரெயில். செம நெரிசல். ஒரு வாலிபர் தலையில் பெரிய ஹெட்போன். பாட்டு பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது!

அது ‘ஓப்பன் பேக்’ ரகம். காதுக் கிண்ணத்தின் வெளிப்பக்கம் சல்லடை மாதிரி திறந்திருக்கும். 1968-ல் ஜெர்மனியின் சென்ஹைசர் கம்பெனி இதை முதலில் கொண்டுவந்தது. கச்சேரியில் உட்கார்ந்து கேட்பது போல இருக்கும். உண்மைதான். ஆனால் உள் சத்தம் வெளியே போகும். ஊர் இரைச்சல் உள்ளே வரும்.

ரெயிலிலும் பஸ்சிலும் இது எதற்கு? இரைச்சலை அமுக்க வால்யூமைத்தான் கூட்டுவீர்கள். 80 டெசிபல் என்றால் வாரம் 40 மணி நேரம்தான் தாங்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்கு மேல் போனால் காது போச்சு!

வீட்டில், ராத்திரியில் கேட்கவா? தாராளமாக வாங்குங்கள். முதலில் அரை மணி நேரம் மாட்டிப் பாருங்கள். மண்டையை நெரித்தால் வேண்டாம். நம்ம ஊர் புழுக்கத்துக்கு ரெக்சின் மெத்தையைவிட வெல்வெட் மெத்தை தேவலை. மெத்தையை மாற்றினால் ஓசையும் மாறும், ஜாக்கிரதை! 300 ஓம் ரகமென்றால் செல்போன் மட்டும் போதாது. ஆம்பிளிபயர் செலவு தனி. மெத்தையும் வயரும் கழற்றி மாற்ற முடியுமா என்று கேளுங்கள்.

விலையைப் பார்த்து மயங்காதீர்கள். எங்கே உட்கார்ந்து கேட்கப்போகிறீர்கள் என்று பார்த்து வாங்குங்கள்!