கொல்கத்தாவின் களிமண்ணும் 'லிங்க்ஸ்' என்னும் பொய்ப்பெயரும்

'லிங்க்ஸ் பாணி கோல்ஃப் திடல்' என்னும் தொடர் இன்று வீட்டுமனை விளம்பரங்களில் தாராளமாகப் புழங்குகிறது. மரங்களை அகற்றி, மண்ணை அள்ளிக் கொட்டி நாலைந்து மேடுகளை எழுப்பி, ஓரத்தில் புல்லை உயரமாக வளரவிட்டால் போதும், பெயர் கிடைத்துவிடுகிறது. அதே வாய்கள்தாம் கொல்கத்தாவின் ராயல் கல்கத்தா கோல்ஃப் திடலைத் 'தட்டை', 'சலிப்பு' என்று ஒதுக்குகின்றன. இரண்டு கூற்றுகளும் ஒரே அறியாமையிலிருந்து பிறந்தவை.

லிங்க்ஸ் என்பது ஒரு நிலத்தின் பெயர். பழைய ஆங்கிலத்தில் மேட்டையும் கரையையும் குறித்த 'ஹ்லிங்க்' என்னும் சொல்லின் வழிவந்தது. ஸ்காட்லாந்தில் கடலுக்கும் விளைநிலத்துக்கும் இடையே கிடந்த, ஏருக்கு உதவாத, புல் படர்ந்த மணல்வெளியை மக்கள் அவ்வாறு அழைத்தனர். கடலையும் வயலையும் 'இணைப்பதால்' வந்த பெயர் என்பது ஒலியொற்றுமையை நம்பிய கதை. அலை குவித்த மணலை 'எக்கர்' என்று தனித்துப் பெயரிட்ட சங்கத் தமிழுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நெய்தல் நிலத்தை எவரும் 'நெய்தல் பாணி' என்று லாரியில் ஏற்றி வர முடியாது.

அந்த மணல்தான் ஆட்டத்தை வகுத்தது. மணல் மழைநீரை விரைந்து உறிஞ்சிவிடுவதால் தரை இறுகியிருக்கும். அதில் மெல்லிய புல்லே வளரும். விழுந்த பந்து நெடுந்தூரம் உருளும். மரமற்ற கரையில் காற்றுக்குத் தடையில்லை. உயர அடித்த பந்தைக் காற்று பறித்துச் செல்லும் என்பதால், ஆட்டக்காரர் தாழ அடித்து, தரையின் ஏற்ற இறக்கங்களைக் கணித்து, குழியிருக்கும் கிரீனை நோக்கி உருளவிடுவார். கிரீனின் முன்புறம் பெரும்பாலும் திறந்து கிடப்பது அதற்காகவே. காற்று மறுப்பதைத் தரை ஈடுசெய்கிறது. நாள்தோறும் நீர் பாய்ச்சிக் கொழுக்கவைத்த புல்லிலோ பந்து விழுந்த இடத்திலேயே நின்றுவிடும். அங்கே மேட்டின்மீது கிரீனை ஏற்றி, அதன் வாயிலில் மணற்குழியையும் தோண்டிவைத்தால், காற்று வீசும் நாளில் ஆட்டக்காரருக்கு எந்த வழியும் மிஞ்சுவதில்லை. அதைச் 'சவாலான வடிவமைப்பு' என்று விற்கிறார்கள்.

இந்த வேடத்தின் உச்சத்தை உலகம் 2010இல் கண்டது. அமெரிக்காவின் விஸ்கான்சினில், பழைய ராணுவத் தளம் ஒன்றின்மேல் மணலை வண்டி வண்டியாகக் கொட்டி எழுப்பிய விஸ்லிங் ஸ்ட்ரெய்ட்ஸ் திடலில் பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப் நடந்தது. அழகுக்காகவே அங்கு நூற்றுக்கணக்கான மணற்குழிகள் சிதறிக் கிடந்தன. இறுதிக் குழியில் டஸ்டின் ஜான்சன் தாம் நின்ற இடம் மணற்குழி என்றே அறியாமல் மட்டையைத் தரையில் ஊன்றினார். இரண்டு அடி தண்டம் விழுந்தது. கோப்பைக்கான வாய்ப்பே போயிற்று. செயின்ட் ஆண்ட்ரூஸில் மணற்குழி ஆட்டக்காரரின் முடிவோடு உறவாடுகிறது. 1921இல் அங்கே ஒரு மணற்குழியில் தோற்று ஆட்டத்தையே கைவிட்ட பாபி ஜோன்ஸ், 1927இல் அதே திடலில் ஓப்பன் பட்டத்தை வென்றார். திடல் மாறவில்லை, அவர் அதைப் படிக்கக் கற்றிருந்தார்.

இனிக் கொல்கத்தா. பிரித்தானியத் தீவுகளுக்கு வெளியே மிகப் பழமையானதாகக் கருதப்படும் இந்த கோல்ஃப் மன்றம் 1829இல் தம்தம்மில் தொடங்கியது. பின்னர் மைதானத்துக்கும் அங்கிருந்து டோலிகஞ்சுக்கும் பெயர்ந்தது. ஆளவந்தோரின் பொழுதுபோக்கு மன்றம் அது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் இங்கு கைக்குக் கிடைத்தது மருதம்: கங்கைச் சமவெளியின் வண்டல், களிமண், தேங்கும் மழை. வங்காளத்துச் சிற்றூரில் வீடு கட்டுவோர் முதலில் குளம் வெட்டுவர். அம்மண்ணால் மனையை உயர்த்துவர். டோலிகஞ்சிலும் அதுவே நடந்தது. குளங்கள் வெட்டப்பட்டன; தோண்டிய மண் தட்டை நிலத்தில் மேடுகளாயிற்று. புல்லோ 'தூப்', அதாவது நம் அறுகு. வங்கத்தின் நீரியல் அறிவை அப்படியே ஏற்ற இத்திடல், ஸ்காட்லாந்தின் தோற்றத்தை நகலெடுக்கும் எதையும்விட லிங்க்ஸின் நெறிக்கு நெருக்கமானது. காற்றுக்கும் இங்கு பஞ்சமில்லை. கோடையில் வங்கக் கடலிலிருந்து வரும் தென்றல் குளத்தின் மேல் பறக்கும் பந்தை மெல்ல விலக்கும். சித்திரை மாலைகளில் கால்பைசாகி புறப்பட்டால் ஆட்டமே நின்றுபோகும்.

தட்டை நிலம் எதையும் கற்பிக்காது என்போருக்கு எஸ்.எஸ்.பி. சௌராசியா விடை. இம்மன்றத்தின் புல்தரையைப் பேணிய தொழிலாளியின் மகன். பிறருடைய மட்டைப்பையைச் சுமந்தபடி, பயிற்சியாளர் எவருமின்றி ஆட்டத்தைக் கற்றவர். தொலைவுக்கு அடிப்பவர் அல்லர். கிரீனைச் சுற்றிய நுண்ணடிகளே அவருடைய பலம். ஆழ்ந்த மணற்குழிகளுக்குப் பேர்போன குருகிராமத் திடலில், 2017 இந்திய ஓப்பனை அவர் ஏழு அடி வித்தியாசத்தில் வென்றார்.

விளம்பர மொழிக்கு இசைந்து டோலிகஞ்சைத் திருத்தக் கிளம்பினால் முதலில் பலியாகப் போவது அந்தக் குளங்கள்தாம். நீர்நிலையைத் தூர்ப்பது மேற்கு வங்கத்தில் சட்டப்படிக் குற்றம். இருந்தும் கொல்கத்தாவின் குளங்கள் ஒவ்வொன்றாக அடுக்ககங்களுக்கு அடியில் மறைந்துகொண்டிருக்கின்றன. ஆடி மழையில் தெருவெல்லாம் முழங்காலளவு நீர் நிற்கும் நகரத்தில், 'சலிப்பூட்டும்' அத்திடல் தன் மழையைத் தானே வாங்கி வைத்துக்கொள்கிறது.