கீரமங்கலத்துல எத்தனை எழுத்து?

இந்த வாரம் ஒரு குட்டி டெஸ்ட்டோட ஆரம்பிப்போம். பயப்படாதீங்க, அரியர் எல்லாம் விழாது. 'கீரமங்கலம்'ங்கிற பேர்ல எத்தனை எழுத்து? விரல் விட்டு எண்ணுங்க. கீ, ர, ம, ங், க, ல, ம். ஏழு. கரெக்ட்!

இதே கேள்வியை பைத்தான்ல 'லென்' ஃபங்ஷன்கிட்ட கேளுங்க. பத்துன்னு சொல்லும். சி லாங்வேஜ்ல யூடிஎஃப்-8 எழுத்தா வெச்சு 'ஸ்ட்ர்லென்'கிட்ட கேளுங்க. முப்பதுன்னு சொல்லும். புதுக்கோட்டை மாவட்டத்துல பூவுக்கும் பலாவுக்கும் பேர் போன எங்க ஊரு, கம்ப்யூட்டருக்குள்ள போனா ஆளுக்கொரு கணக்கு. 'இதுல என்ன பெரிய விஷயம்?'னுதான் நானும் இருந்தேன், போன செமஸ்டர் லீவு வரைக்கும்.

எங்க மாமா ஊர்ல பூக் கமிஷன் கடை வெச்சிருக்கார். காலையில மல்லி, முல்லை, சம்பங்கி, காக்கரட்டான்னு மூட்டை மூட்டையா வந்து இறங்கும். எடை போட்டு, சீட்டு எழுதி, அந்தச் சீட்டைப் பார்த்துப் பணம் கொடுப்பாங்க. "இன்ஜினீயரிங் படிக்கிற, இந்தச் சீட்டை கம்ப்யூட்டர்ல போட்டுக் குடுக்க மாட்டியா மாப்ள?"ன்னு மாமா கேட்டார். விடுவோமா? ரெண்டே நாள்ல புரோகிராம் ரெடி. சீட்டு சின்னது. அதனால பேருக்கு பத்து எழுத்துதான் இடம், அதுக்கு மேல போனா வெட்டுன்னு ஒரு வரி எழுதினேன். அந்த ஒரு வரிதான் வில்லன்.

பேரை மாத்திச் சொல்றேன். முத்துக்கருப்பன், முத்துக்கருப்பாயின்னு ரெண்டு பேர் பூ கொண்டு வர்றாங்கன்னு வெச்சுக்கோங்க. ரெண்டு பேருமே நம்ம கணக்குல ஒன்பது எழுத்துதான். பத்துக்குள்ள அழகா அடங்கணும். ஆனா கம்ப்யூட்டர் கணக்குல ஒண்ணு பதினாறு, இன்னொண்ணு பதினேழு. பத்தாவதுல வெட்டினா ரெண்டுமே 'முத்துக்கர'. ஒரே பேர்ல ரெண்டு சீட்டு! ஒருத்தர் பணம் இன்னொருத்தர் கைக்குப் போயிடுச்சு.

அந்த அம்மா சத்தம் போடல. சீட்டை எங்கிட்ட நீட்டி, "தம்பி, எம்பேரு பாதிதானப்பா இருக்கு"ன்னாங்க. 1991-ல அப்போ கலெக்டரா இருந்த ஷீலா ராணி சுங்கத் காலத்துல, புதுக்கோட்டை மாவட்டம் முழுக்க அறிவொளி இயக்கம் நடந்துச்சு. ஆயிரக்கணக்கான பெண்கள் எழுதப் படிக்கக் கத்துக்கிட்டாங்க, சைக்கிளும் ஓட்டினாங்க. இவங்க கையெழுத்துப் போடக் கத்துக்கிட்டது அந்த வகுப்புலதான். கஷ்டப்பட்டுக் கத்துக்கிட்ட பேரு. அதை நான் ஒரே வரியில வெட்டிட்டேன். எங்க ஊர்ப் பேரை நக்கீரரோட சேர்த்துச் சொல்றவங்க உண்டு. அன்னிக்கு என் புரோகிராம்ல பிழை கண்டுபிடிச்ச நக்கீரர் அந்த அம்மாதான்.

சரி, பிழை எங்கே? அதே 1991-ல வெளியான யூனிகோடோட முதல் பதிப்புலயே தமிழுக்கு 128 கட்டங்கள் ஒதுக்கினாங்க. நமக்கு எழுத்து 247 ஆச்சே, பத்துமா? பத்தும். அங்கே உயிர்மெய்க்குத் தனித்தனிக் கட்டம் கிடையாது. 'க' ஒரு கட்டம், 'ீ'ங்கிற சுழி ஒரு கட்டம். ரெண்டும் சேர்ந்தா 'கீ'. 'ங்'கும் அப்படித்தான்: 'ங' ஒண்ணு, புள்ளி ஒண்ணு. ஏழு பத்தானது இப்படி. ஒவ்வொரு கட்டத்துக்கும் யூடிஎஃப்-8ல மூணு பைட். பத்து முப்பதானது அப்படி. எழுத்துக்கு ஒரு கட்டம்னு 'டேஸ்-16' முறையையும் தமிழக அரசு 2010-ல யூனிகோடோட சேர்த்து ஏத்துக்கிச்சு. ஆனா உங்க போன், பிரவுசர் எல்லாம் பேசுறது யூனிகோட்தான். அதனால அதோட குணம் தெரிஞ்சே ஆகணும்.

மருந்து என்ன? ஒரு குட்டி ஃபங்ஷன். வார்த்தையை இடமிருந்து ஒவ்வொரு கட்டமா படிக்கணும். வர்றது கால், கொம்பு, சுழி, புள்ளி மாதிரி ஒட்டுற குறியா? முந்தின எழுத்தோட ஒட்டு. இல்லையா? புது எழுத்து ஆரம்பி. அவ்ளோதான் மேட்டர். இதை எழுதக்கூட சோம்பேறித்தனமா? 'ஓப்பன்-தமிழ்'னு ஒரு இலவச பைத்தான் தொகுப்பு இருக்கு, அதுல 'கெட்_லெட்டர்ஸ்' ஃபங்ஷன் இந்த வேலையைச் செய்யும்.

அதோட முடிஞ்சுதான்னா, அதான் இல்ல. 'கொ'வை ரெண்டு விதமா சேமிக்கலாம். 'க'வோட 'ொ'ங்கிற ஒரே குறி, இல்லன்னா ஒத்தைக் கொம்பு தனி, கால் தனி. திரையில ரெண்டும் இரட்டைப் பிள்ளைங்க மாதிரி இருக்கும். ஆனா சமமான்னு கேட்டா கம்ப்யூட்டர் 'இல்ல'ன்னு தலையாட்டும். தேடினா கிடைக்காது. ஒப்பிடுறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டு வர்றதுக்குப் பேருதான் நார்மலைசேஷன்.

அடுத்தது அகலம். 'ர'வும் 'ணை'யும் ஒரே அகலமா? எழுத்தை எண்ணினா மட்டும் சீட்டுல இடம் பத்துமான்னு தெரியாது. ஃபான்ட்டைத்தான் கேட்கணும். இங்கேதான் 'ஹார்ஃப்பஸ்' வர்றார். ஃபயர்ஃபாக்ஸ், குரோம், ஆண்ட்ராய்டு, லிப்ரே ஆபீஸ் எல்லாத்துலயும் ஒளிஞ்சிருக்கிற ஹீரோ. 'கெ'யில கொம்பை 'க'வுக்கு அப்புறம் சேமிச்சிருப்போம். அதைத் தூக்கி முன்னாடி வெச்சு, எந்த உருவம் எங்கே உட்காரணும், எவ்ளோ அகலம்னு சொல்றது அவர் வேலை.

ஃபான்ட்கிட்ட கேட்கவும் ஒரு பாஷை இருக்கு. லினக்ஸ்ல 'ஃபான்ட்கான்ஃபிக்' கிட்ட 'டைம்ஸ்-12:போல்ட்'னு ஆங்கிலத்துல எழுதினா, டைம்ஸ் ஃபான்ட், 12 பாயின்ட், தடிச்ச எழுத்துன்னு பிரிச்சுப் புரிஞ்சுக்கும். ஃபான்ட் பேர்லயே ஹைஃபன் இருந்தா? பின்சாய்வுக் கோடு போடலைன்னா அதுக்கு அப்புறம் வர்றது சைஸ்னு நினைச்சுக்கும். ஃபான்ட்டுக்குள்ள தமிழ் மொழிக்கான டேக் 'டி-ஏ-எம்'னு மூணு எழுத்து. ஆனா டேக்னா நாலு எழுத்து இருக்கணும். அதனால கடைசியில ஒரு ஸ்பேஸ். 'வெட்டியா ஒரு ஸ்பேஸ்'னு நீங்க துடைச்சுட்டா அது டேக்கே இல்ல!

இதெல்லாம் சின்ன விஷயம்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு ஃப்ளாஷ்பேக். 2018 பிப்ரவரியில ஒரே ஒரு தெலுங்கு எழுத்துக்கூட்டு மெசேஜ்ல வந்தா ஐபோன்ல ஆப் படுத்துடுச்சு. ஆப்பிள் அவசரமா அப்டேட் விட்டுத்தான் சரி பண்ணுச்சு. கோடிக்கணக்கான பேர் பேசுற மொழியை யாரோ ஒழுங்கா டெஸ்ட் பண்ணாம விட்டா, கதை இதுதான்.

நம்ம கதைக்கு வருவோம். எண்ணுறது, வெட்டுறது, ஒப்பிடுறது, அகலம் பார்க்குறதுன்னு நாலு ஃபங்ஷன் எழுதினேன். பேரை எங்கேயுமே வெட்டல. இடம் பத்தலைன்னா ரெண்டாவது வரிக்குப் போகும். ஒவ்வொருத்தருக்கும் ஒரு நம்பரும் கொடுத்தாச்சு, பேரை மட்டும் நம்பி இனி பணம் போகாது. மாமா அன்னிக்கே கணக்கைத் தீர்த்துக் கொடுத்துட்டார். மறுநாள் புதுச் சீட்டை அந்த அம்மா வாங்கி, பேரு மேல விரல் வெச்சு ஒவ்வொரு எழுத்தா நகர்த்திப் படிச்சாங்க. கடைசி 'யி' வந்ததும் சீட்டை மடிச்சு முந்தானையில முடிஞ்சுக்கிட்டாங்க. எங்கிட்ட ஒண்ணும் சொல்லல. வைவாவுல வாங்குற மார்க்கை விட எனக்கு அது பெருசா இருந்துச்சு.

மக்களே, மினி புராஜெக்ட் பண்றப்போ 'டெஸ்ட்1', 'ஏபிசி'ன்னு டைப் பண்ணி 'வொர்க் ஆகுது மச்சி'ன்னு முடிச்சுடாதீங்க. உங்க அப்பத்தா பேரை முழுசா தமிழ்ல டைப் பண்ணிப் பாருங்க. வெட்டுதா, கட்டம் கட்டமா வருதா, தேடினா கிடைக்குதான்னு பாருங்க.

ஹோம்வொர்க் இல்லாம எப்படி? 'கீரமங்கலம்'ங்கிறதைச் சாதாரண ரிவர்ஸ் ஃபங்ஷன்ல திருப்பிப் போடுங்க. முதல்லயே ஒரு அநாதைப் புள்ளி நிக்கும், 'கீ'யோட சுழி 'ர' மேல ஏறி உட்கார்ந்திருக்கும். அதை 'ம்லகங்மரகீ'ன்னு ஒழுங்கா வர வெச்சுட்டீங்கன்னா நீங்க பாஸ்!